இருமுறை சிமிட்டவும்

புதுப் பெட்டியில் பிரச்சினை வராது என்று நம்புகிறவர்கள் அதை விற்கிறவர்கள் மட்டும்தான். பதினோரு வருஷமாக வீடு வீடாகப் போய்ப் பேச்சுப்பெட்டி மாட்டிக்கொண்டிருக்கும் செல்வினுக்கு அந்த நம்பிக்கை விட்டுப்போய் வெகுநாளாயிற்று. கோவில்பட்டியில் அன்றைக்கு அது இரண்டாவது வீடு. மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. காலையில் தின்ற இரண்டு இட்லி எந்த ஊரில் செரித்ததென்றே அவனுக்கு ஞாபகமில்லை.

பேச்சுப்பெட்டி என்பது ஒரு சின்னக் கம்ப்யூட்டர்தான். பக்கவாதத்தில் நாக்கு, கை, கால் எல்லாம் ஒரேயடியாக விழுந்துபோனவர்களுக்கு மண்டையோட்டுக்கு அடியில் ஒரு மெல்லிய தகடு வைத்துவிடுவார்கள். அவர்கள் சொல்ல நினைப்பதைத் தகடு பிடித்துப் பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதைச் சொற்களாக்கி, அவர்களுடைய பழைய குரலிலேயே பேசும். குரலுக்குக் கல்யாண வீடியோ, வாட்ஸ்அப்பில் அனுப்பிய வாய்ஸ் மெசேஜ் என்று எதைக் கொடுத்தாலும் போதும். ஒன்பது வருஷத்துக்கு முன் இந்த வட்டாரத்தில் நாற்பத்து மூன்று பேருக்கு அரசுத் திட்டத்தில் மாட்டினார்கள். அந்தப் பழைய பெட்டிகள் இப்போது ஒவ்வொன்றாக உயிரை விட்டுக்கொண்டிருந்தன.

இந்த வீட்டுப் பெட்டி புதன்கிழமை நின்றுபோனது. இன்றைக்கு வெள்ளி. ஞாயிற்றுக்கிழமை மகள் தர்ஷினிக்கு நிச்சயதார்த்தம். தட்டு மாற்றும்போது பெண்ணின் அப்பா வாயைத் திறந்து ‘பொண்ணு தர்றோம்’ என்று சபையில் சொல்ல வேண்டும். சித்தப்பாவைச் சொல்ல வைத்துக்கொள்ளலாமே என்று மாப்பிள்ளை வீட்டார் பெரிய மனசோடுதான் சொன்னார்கள். பெண்ணின் அம்மா மாரீஸ்வரி ஒப்பவில்லை. அப்பா இருக்கும்போது சித்தப்பா எதற்கு என்று கேட்டுவிட்டாள்.

அந்த அப்பா ஜன்னலோரம் சக்கர நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கனகவேல் என்றால் ஊரில் யோசிப்பார்கள். ஹாக்கி கோச் என்றால் சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அவர் மைதானத்தில் போடுகிற சத்தம் ரயில்வே ஸ்டேஷன் வரை கேட்கும் என்பார்கள். இப்போது அவருக்கு அசைவது கண்கள் மட்டும்தான். அவை செல்வினின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தன.

செல்வின் புதுப் பெட்டியைத் திரையோடு இணைத்து, பழைய பெட்டியிலிருந்து கழற்றிய டிஸ்கை அதில் சொருகி, ஆன் செய்தான். கறுப்புத் திரை. ‘இயக்க முறைமை கிடைக்கவில்லை’ என்று ஒரே வரி வந்தது.

“என்ன தம்பி, போயிருச்சா?” என்றாள் மாரீஸ்வரி.

போகவில்லை, எங்கே தேடுவதென்று பெட்டிக்குத் தெரியவில்லை என்று அவன் விளக்கினான். பெட்டிக்குள் முதலில் எதைப் பார், அடுத்து எதைப் பார் என்று ஒரு வரிசை இருக்கும், அதில் நம்முடைய டிஸ்கை முதலில் வைக்க வேண்டும், அவ்வளவுதான். மறுபடி ஆன் செய்து எஃப்-2 விசையைத் தட்டிக்கொண்டே இருந்தான். உலகத்தில் என்னென்னவோ மாறியும் இந்த எஃப்-2 மட்டும் மாறவில்லை, அதைத் தட்டித் தட்டித் தேய்ந்த அவனுடைய ஆள்காட்டி விரலும் மாறவில்லை. செட்டிங்ஸ் வந்தது. வரிசையை மாற்றினான். சேமித்தான். மறுபடி கறுப்பு. பெட்டி புதுமுறையில் ஆரம்பிக்கிறது, டிஸ்க் பழைய முறை. அதையும் மாற்றினான். இந்தத் தடவை சிவப்பில் ஒரு வரி: ‘கையொப்பம் பொருந்தவில்லை. பாதுகாப்புக்காக நிறுத்தப்பட்டது.’

இதுவும் வழக்கமாக வருவதுதான். பழைய ஓஎஸ்ஸைப் புதுப் பெட்டிக்கு அடையாளம் தெரியாது. தெரியாத ஆளை வாசலில் நிறுத்துகிற காவல்காரன் மாதிரி ஒரு பூட்டு அதற்குள் உண்டு. விவரம் பார்க்காமலேயே பூட்டை எடுத்துவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான் செல்வின். இன்றைக்கு என்ன தோன்றியதோ, ‘விவரம்’ என்ற பொத்தானைத் தொட்டுவிட்டான்.

‘அணிபவர்: கனகவேல், கோவில்பட்டி. இந்த ஓஎஸ்ஸுக்கு உரியவர்: சென்னியப்பன், கோபிசெட்டிபாளையம்.’

செல்வினுக்கு அந்தப் பெயரைத் தெரியும். மறந்துவிட்டதாக இத்தனை வருஷம் நினைத்திருந்தான், அவ்வளவுதான்.

ஒரு பெட்டி பேச வேண்டுமென்றால் அதை அந்த மனிதரோடு மூன்று மாதம் பழக்க வேண்டும். தண்ணீர் என்று நினையுங்கள், வலிக்கிறது என்று நினையுங்கள், பெண்டாட்டியைக் கூப்பிடுவதாக நினையுங்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி, அந்த நினைப்பு எப்படி இருக்கிறதென்று பெட்டிக்குப் படிய வைக்க வேண்டும். நாற்பத்து மூன்று பேருக்கு மூன்று மாதம் யாரிடம் இருந்தது? திட்டத்தின் திறப்பு விழாவுக்கு அன்றைக்குப் பதினெட்டு நாள்தான் பாக்கி. மேடையில் எல்லோரும் பேச வேண்டும். செல்வின் அதற்கு முன்னால் பள்ளிக்கூடங்களில் கம்ப்யூட்டர் லேப் போட்டுக்கொண்டிருந்தவன். லேபில் யாரும் நாற்பது கம்ப்யூட்டருக்கு நாற்பது தடவை ஓஎஸ் போடுவதில்லை. ஒன்றை நன்றாகத் தயார் செய்து, அதையே மற்ற எல்லாவற்றுக்கும் காப்பி போடுவார்கள். கோவைப் பக்கம் பயிற்சிக்குப் போயிருந்தபோது முழுசாகப் பழகிய பெட்டி ஒன்று கையில் கிடைத்திருந்தது. சென்னியப்பனுடையது. அதையே எல்லாருக்கும் போடு, அப்புறம் மெதுவாக அவரவருக்குப் பழக்கிக்கொள்ளலாம் என்று மேலே இருந்தவர் சொன்னார். செல்வின் போட்டான். எல்லோரும் மேடையில் பேசினார்கள். அந்த ‘அப்புறம்’ வரவே இல்லை.

பழைய பெட்டிகள் இதையெல்லாம் சோதிக்கவில்லை. புதுசு சோதிக்கிறது. சோதிக்காதே என்று சொல்லிவிட்டால் விஷயம் முடிந்தது.

“அக்கா, ஒரு லாக் இருக்கு. அதை எடுத்துட்டா ஓடிரும்,” என்றான். பொய் இல்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான்.

“எடுங்க தம்பி. ரெண்டு நாளா வீடு வீடாவே இல்ல,” என்றாள் அவள். “காலையில எந்திரிச்சதும் ‘சாப்பிட்டியா கண்ணு’ன்னுதான் ஆரம்பிப்பாக. நல்லா இருந்த காலத்துல ஒரு நாள் கேட்டதில்ல தம்பி. பேரு சொல்லிக்கூடக் கூப்பிட்டதில்ல. ‘இந்தா’தான். இந்தா தண்ணி கொண்டா, இந்தா ஷூ எங்க. சீக்கு வந்துதான் மனுஷன் கனிஞ்சாருன்னு எங்க அக்காகூடச் சொல்லும். எங்கிட்டுதான் இந்தக் கோயமுத்தூர்ப் பேச்சைப் படிச்சாரோன்னு சிரிப்போம்.”

செல்வின் தலையைத் திரைக்குள் புதைத்துக்கொண்டான். பூட்டை எடுக்கும் இடத்தில் ஒரு புது விதி இருந்தது. அணிபவரின் சம்மதம் இல்லாமல் சோதனையை நிறுத்த முடியாது. பெட்டி ஆரம்பிக்கும்போது பத்து நொடி கொடுக்கும். சம்மதம் என்றால் அவர் கேமராவைப் பார்த்து இருமுறை கண் சிமிட்ட வேண்டும். அதைக் கனகவேலிடம் சத்தமாக விளக்கினான். உங்கள் பழைய ஓஎஸ்ஸையே இதில் போடப்போகிறேன் சார், இரண்டு தடவை சிமிட்டினால் போதும்.

பத்து, ஒன்பது, எட்டு என்று திரையில் எண் இறங்கியது. ஒன்றும் நடக்கவில்லை. பெட்டி தானாக அணைந்தது.

கேமராவில் தூசி இருக்கும். சட்டை நுனியால் துடைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தான். மறுபடி பூஜ்யம். வெளிச்சம் போதாதோ என்று மாரீஸ்வரி திரைச்சீலையை ஒதுக்கினாள். கேமராவைச் சற்று இறக்கி வைத்தான். மூன்றாவது தடவை அவன் எண்ணைப் பார்க்கவில்லை, அவர் முகத்தைப் பார்த்தான்.

கனகவேல் கண்களை அகல விரித்து வைத்திருந்தார். வெயில் நேராக முகத்தில் அடித்தது. கண்கள் சிவந்து, நீர் கட்டி, கன்னத்தில் வழிந்தது. இமை நடுங்கியது. ஆனாலும் அவர் மூடவில்லை. பூஜ்யம் வந்து பெட்டி அணைந்ததும்தான் மெல்ல மூடித் திறந்தார்.

சிமிட்ட முடியாமல் இல்லை. சிமிட்டக் கூடாதென்று இருக்கிறார்.

செல்வின் நாற்காலியில் பின்னால் சாய்ந்தான். உடம்பில் இருந்த சோர்வெல்லாம் ஒரே நேரத்தில் வந்து உட்கார்ந்த மாதிரி இருந்தது. இன்னொரு வழியும் அவனுக்குத் தெரியும். கேமராவுக்கு முன்னால் வேறு யாருடைய கண்ணைக் காட்டினாலும் அந்த மலிவுச் சாமானுக்கு வித்தியாசம் தெரியாது. அவனே சிமிட்டிவிடலாம். ஒரு நிமிஷம் அதை நிஜமாகவே யோசித்தான். அப்புறம் யோசித்ததற்காக வெட்கப்பட்டான்.

“அக்கா, உக்காருங்க,” என்றான்.

சொல்லத் தொடங்கியபின் நிறுத்த முடியவில்லை. விழா, பதினெட்டு நாள், காப்பி, சென்னியப்பன் என்று எல்லாவற்றையும் கொட்டினான். மாரீஸ்வரிக்கு முதலில் புரியவில்லை. குரல் அவர் குரல்தானே என்றாள்.

“குரல் சாரோடதுதான். நெனப்பும் சாரோடதுதான். அதைச் சொல்லா மாத்துறது இன்னொருத்தரோட பழக்கம் அக்கா. சார் ‘தண்ணி’ன்னு நெனச்சா அந்தாளு கேக்குற மாதிரி தண்ணி கேக்கும். அந்தாளுக்குப் பழக்கமில்லாத எதையாவது சார் நெனச்சா, அதுக்குக் கிட்டத்துல அவரு என்ன சொல்லுவாரோ அதைச் சொல்லும்.”

“பழக்கமில்லாததுன்னா?”

“சென்னியப்பன் ரொம்ப சாது. பழக்குறப்பப் பக்கத்துல இருந்தவன் நான். கோவமா எதையாவது நெனைங்கன்னா, அவருக்கு நெனைக்கவே வரல. அந்த இடம் காலியாவே இருந்துச்சு. கோவம் வந்தா ‘பரவால்லீங்க’ன்னுதான் வெளிய வரும்.”

மாரீஸ்வரி அவன் கேட்காமலே சொன்னாள். பெட்டி மாட்டிய முதல் வருஷம் அவருடைய டீம் பையன்கள் மதுரையில் ஆறுக்குப் பூஜ்யம் என்று தோற்றுவிட்டு நேராக இங்கே வந்தார்களாம். ஸ்டிக்கோடு, சேறோடு, திட்டு வாங்கிக்கொள்ளத் தயாராக வரிசையில் நின்றார்களாம். பெட்டி, ‘பரவால்லீங்க, நல்லாத்தான் ஆடுனீங்க, சாப்பிட்டுப் போங்க’ என்றதாம். பையன்கள் ஒருத்தரையொருத்தர் பார்த்துக்கொண்டார்கள். அதன்பின் ஒருத்தனும் வரவில்லை. நன்றி கெட்ட பயல்கள் என்று அவள் இத்தனை நாள் அவர்களை வைதுகொண்டிருந்தாள்.

“அன்னைக்கு அவுக கண்ணுல தண்ணி வந்துச்சு. பாசத்துல வருதுன்னு நெனச்சேன்,” என்றாள். “பேசுற ஆளோட கண்ணை யாரு தம்பி பாப்பா?”

செல்வின் மன்னிப்புக் கேட்டான். அது அவன் காதுக்கே அற்பமாகக் கேட்டது. அவள் அதைக் கவனித்ததாகவும் தெரியவில்லை. சட்டென்று எழுந்துபோய் கனகவேலின் முன்னால் மண்டி போட்டு உட்கார்ந்தாள். அவள் முகம் வெளுத்திருந்தது. அவள் என்ன நினைக்கிறாள் என்பது செல்வினுக்கும் அப்போதுதான் உறைத்தது. மாப்பிள்ளை போட்டோவைக் காட்டிக் கேட்டபோதும் ‘ஆகட்டும் கண்ணு’ என்று சொன்னது அந்தப் பெட்டிதான்.

“சரின்னா ரெண்டு தடவ சிமிட்டுங்க. இல்லைன்னா இப்ப வெச்ச மாதிரி முழிச்சுக்கிட்டே இருங்க,” என்றாள். “தர்ஷினிக்குப் பாத்திருக்கோமே, அந்தப் பையன். உங்களுக்குச் சம்மதமா?”

கனகவேல் அவளையே பார்த்தார். செல்வின் மனசுக்குள் எண்ணினான். நான்கு நொடி, ஐந்து நொடி. ஒன்பது வருஷத்தில் அவரை நேராக ஒருவர் கேட்கிற முதல் கேள்வி அது, அவசரப்பட அவருக்கு என்ன? பிறகு இருமுறை, நிதானமாக, சிமிட்டினார்.

மாரீஸ்வரியின் தோள் இறங்கியது. புதுசாக முதலிலிருந்து பழக வேண்டியிருக்கும், மூன்று மாசம் ஆகும், ஞாயிற்றுக்கிழமை நீங்கள் சபையில் வாய் திறக்க முடியாது, பரவாயில்லையா என்று கேட்டாள். இருமுறை. இந்தத் தடவை யோசனையே இல்லை.

“சரி,” என்றாள். எழுந்திருக்கப் போனவள் மறுபடி உட்கார்ந்தாள். முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். “என்னையக் கண்ணுன்னு கூப்பிட்டதெல்லாம்…”

முடிக்கவில்லை. கனகவேலின் கண்கள் விரிந்து நின்றன. மூடவில்லை. ஒரு நொடி, இரண்டு நொடி, நீர் மறுபடி கட்டத் தொடங்கியது. பொய் சொல்வதற்கு அவருக்கு இரண்டு சிமிட்டுதான் ஆகியிருக்கும். செல்வினால் பார்க்க முடியவில்லை, முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

“போதும்,” என்றாள் மாரீஸ்வரி. முந்தானையால் அவர் கன்னத்தைத் துடைத்தாள். “போதும், கண்ணை மூடுங்க.”

செல்வின் பழைய டிஸ்கைக் கழற்றினான். வரிசையைப் பழையபடி வைத்தான், பூட்டைத் திரும்பப் போட்டான், பென்டிரைவிலிருந்து வெறும் புது ஓஎஸ்ஸை ஏற்றினான். இருபது நிமிஷத்தில் ஒரு தடங்கலும் இல்லாமல் முடிந்தது. இவ்வளவு நேரம் அவன் போராடிய பெட்டி அதுவரை ஒழுங்காகத்தான் இருந்திருக்கிறது. ‘அணிபவர்: கனகவேல். உரியவர்: கனகவேல். அறிந்த சொற்கள்: பூஜ்யம்’ என்று திரை சொன்னது.

விதிப்படி பழைய டிஸ்கை அங்கேயே அழித்துவிட்டுப் போக வேண்டும். மாரீஸ்வரி அதை அழிக்க வேண்டாம், என்னிடம் இருக்கட்டும் என்று கேட்டாள். என்றைக்காவது அந்த வார்த்தையைக் கேட்க ஆசைப்படுவாளாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டு, ‘அழிக்கப்பட்டது’ என்று படிவத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டுவிட்டு அவளிடம் கொடுத்தான். அவன் எழுதிய பொய்களிலேயே அது ஒன்றுதான் அவனை உறுத்தவில்லை.

ஞாயிற்றுக்கிழமை தட்டைக் கனகவேலின் மடியில் வைத்து, அவர் கையை மாரீஸ்வரி அதன்மேல் எடுத்து வைத்தாளாம். மாப்பிள்ளையின் அப்பா குனிந்து, அவர் கண்ணை நேராகப் பார்த்து, பொண்ணு தர்றீங்களா என்று கேட்டாராம். இருமுறை சிமிட்டினார். சபையில் பாதிப் பேருக்கு அது தெரியவே இல்லை, தெரிந்தவர்கள் அழுதார்கள் என்று தர்ஷினி போனில் சொன்னாள்.

நாற்பத்து மூன்று பேரில் பதினொரு பேர் இதற்குள் செத்துப்போயிருந்தார்கள். கனகவேலைக் கழித்தால் பாக்கி முப்பத்தொரு வீடு. செல்வின் திட்ட அலுவலகத்துக்கு மூன்று பக்கத்தில் எல்லாவற்றையும் எழுதினான். பயனாளிகளிடமிருந்து புகார் ஏதும் வராததால் நடவடிக்கை தேவையில்லை என்று பதில் வந்தது. புகார் எப்படி வரும்? அதைப் படித்துவிட்டுச் சிரிக்கக்கூட அவனுக்குத் தெம்பில்லை. லீவு போட்டுவிட்டு ஒவ்வொரு வீடாகப் போக ஆரம்பித்தான். சில வீடுகளில் நன்றாகத் திட்டினார்கள். ஒரு வீட்டில், இப்போது இருக்கிற அப்பாவே போதும், பழைய ஆள் வேண்டாம் என்று மகன்கள் கதவைச் சாத்தினார்கள். உள்ளே அந்த அப்பா, ‘பரவால்லீங்க’ என்று சொல்வது கதவைத் தாண்டிக் கேட்டது.

கோவில்பட்டிக்கு வாரம் ஒருமுறை போனான். தண்ணீர் என்று நினையுங்கள் சார். வலிக்கிறது என்று நினையுங்கள் சார். பெட்டி முதல் மாதம் வெறும் இரைச்சல் போட்டது. இரண்டாவது மாதம் ‘ம்’ என்றது. மூன்றாவது மாதம் எட்டுச் சொல் சேர்ந்தது, அதில் நான்கு ஹாக்கி சம்பந்தப்பட்டவை. அந்த வாரம் செல்வின் கம்பியைச் சரிபார்த்துக்கொண்டிருந்தபோது, மாரீஸ்வரி அவருக்கு ஸ்பூனில் காப்பி கொடுத்துவிட்டு அடுப்படிக்குப் போயிருந்தாள். பெட்டி கரகரத்தது.

“இந்தா.”

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றது.

“இந்தா. காப்பி. சீனி. இல்ல.”

அவள் ஈரக் கையோடு வந்து நிலைப்படியில் நின்றாள்.

“வந்துட்டீகளா,” என்றாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று சொல்ல முடியவில்லை, இரண்டையும் செய்தாள். காப்பியில் சீனியைப் போட்டுக் கலக்கி, ஒரு வாய் கொடுத்துவிட்டு, பீரோவைத் திறந்து மஞ்சள் துணியில் சுற்றியிருந்த எதையோ எடுத்து வந்தாள். பழைய டிஸ்க்.

“தம்பி, அந்தக் கோபிக்காரரு வீட்டுல அவுக சம்சாரம் இருக்காகளா?”

இருக்கிறார்கள் என்றான். வசந்தாமணி என்று பெயர். சென்னியப்பன் போய் ஆறு வருஷமாகிறது. இறந்த அன்றே ஆட்கள் வந்து பெட்டியை எடுத்துப்போய் விதிப்படி அழித்துவிட்டார்கள். அதன் பிரதி எதுவும் அந்த அம்மாவிடம் இல்லை.

“இதுக்குள்ள அவரு பேசுனது இருக்குமா?”

“பழகுறப்பச் சொன்னதெல்லாம் அடியில அப்பிடியே இருக்கும் அக்கா. அவரு குரல்லயே. மேலதான் சார் குரலைப் போத்தியிருக்கோம், எடுத்துறலாம்.”

“அப்ப கொண்டுபோய்க் குடுத்துருங்க,” என்றாள். “சாப்பிட்டியான்னு கேட்டது, கண்ணுன்னு கூப்பிட்டது எல்லாம் அவுகளுக்குச் சேர வேண்டியது. நான் ஒம்போது வருஷம் வெச்சுக்கிட்டேன்.”

செல்வின் மஞ்சள் பொட்டலத்தை வாங்கிக்கொண்டான். உங்களுக்கு அதில் ஒரு பிரதி எடுத்துத் தரட்டுமா என்று கேட்க வாயெடுத்தான். டிஸ்கைக் காப்பி போடுவதைப் பற்றி இந்த வீட்டில் இனி வாயே திறக்கக் கூடாது என்று தோன்றியதால் சும்மா இருந்தான்.

“இந்தா,” என்றது பெட்டி, இந்தத் தடவை கொஞ்சம் பொறுமையில்லாமல்.

“வர்றேன், வர்றேன்,” என்று சொல்லிக்கொண்டே மாரீஸ்வரி உள்ளே போனாள்.